பந்து இருக்கட்டும், முதலில் காலைப் பாருங்கள்: பவுலிங் கற்பவருக்கு நான்கு காலடி

நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனபோது அக்கா மகன் என்னைப் பவுலிங் ஆட அழைத்துப்போனான். கிரிக்கெட் பவுலிங் அல்ல; லேன் என்னும் நீளமான பலகைத் தளத்தில் கனமான பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் பின் என்ற கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். ஓடிப்போய்ப் பந்தை விட்டேன். பந்து ஓர வாய்க்காலுக்குள் விழுந்தது. நான், பந்தை விடுபவர் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி வழுக்கி உட்கார்ந்தேன். கோட்டுக்கு அப்பால் பலகையில் எண்ணெய் பூசியிருப்பார்கள் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கோட்டை மிதித்தால் அந்த வீச்சில் விழுந்த பின்களும் கணக்கில் வராது.

பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், பழகத் தொடங்கினேன். பத்தமடைப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டால் 15 அடி நீளம் கிடைக்கிறது. தேவையானவை ஒரு சாக்பீஸ், ஒற்றைக் காலுறை, பந்துக்குப் பதிலாக மஞ்சள் பையில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில். வலக்கைக்காரர் இடது காலில் மட்டும் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வலது கால் வெறுங்காலாக இருக்கட்டும். சொந்தமாக வாங்கும் பவுலிங் காலணிகள் பலவற்றின் அமைப்பும் இதுதான்: இடது அடிப்பாகம் சறுக்கும், வலது தரையைப் பிடிக்கும். இடக்கைக்காரருக்கு எல்லாம் நேர்மாறு.

சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று நாலரைக் காலடி நடந்து திரும்புங்கள். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். முழங்காலைச் சற்றே மடக்கி, பையை மார்புக்கு நேரே இரு கையாலும் பிடியுங்கள்.

முதல் காலடி வலது. சிறியதாக வையுங்கள், அதே கணத்தில் பையை முன்னே நீட்டிவிடுங்கள். கால் போன பிறகு கை போனால் கடைசிவரை கை பின்தங்கியே வரும். புதியவர்களின் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது, ஆகவே ஒரு நாள் முழுக்க இந்த ஒரு காலடியை மட்டும் பழகினாலும் தகும். இரண்டாவது இடது: பை தன் எடையால் இறங்கித் தொடையை உரசாமல் பின்னே போகும். நீங்கள் இழுக்க வேண்டாம். மூன்றாவது வலது: பை பின்பக்கம் உச்சியில் இருக்கும். நான்காவதில் இடது கால் சறுக்கி, கோட்டுக்கு அரையடி முன்பாக நிற்க, கை கணுக்காலை ஒட்டி முன்னே வரும். லேனில் பந்தை விடும் இடம் அது.

வலது கால் என்ன செய்யும்? பின்னால் இடப்பக்கமாக நீண்டு தரையை ஒட்டிக் கிடக்கும். இடது கை பக்கவாட்டில் விரியும். குறுக்குத்துறையில் செப்புக்குடத்தை வலது இடுப்பில் ஏற்றிப் பாசிப் படியேறும் எங்கள் ஆச்சிக்கு இடது கை இப்படித்தான் தானாக விலகி நீளும். ஒரு நாளும் வழுக்கியதில்லை. முழங்காலை விறைப்பாக வைத்து ஆச்சி நடந்து நான் பார்த்ததும் இல்லை.

முடிந்த நிலையிலேயே மூன்று எண்ணும்வரை அசையாமல் நில்லுங்கள். தள்ளாடினால் வேகம் அதிகம் என்று பொருள். அடுத்த முறை மெதுவாக நடங்கள். ஒரு வாரம் கழித்து லேனுக்குப் போகலாம். கனமான பந்தை எடுத்து வீரம் காட்ட வேண்டாம், முதலில் 8 அல்லது 10 பவுண்டு போதும். பார்வையை 60 அடி தொலைவிலுள்ள பின்களில் வைக்காமல், பலகையில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளில் வையுங்கள்.

ஒன்று மட்டும்: பவுலிங் காலணியோடு கழிப்பறைக்குப் போகாதீர்கள். ஈரம் பட்ட அடிப்பாகம் சறுக்காமல் தரையைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள்.