அரைப் பரிசோதனை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களுக்கு முன் முதுநிலைக் கல்வியியல் மாணவர்களின் ஆய்வேட்டு வரைவுகளைப் பார்க்கும் கூட்டம் ஒன்றில் அமர்ந்திருந்தேன். மாணவி ஒருவர் தம் வரைவின் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். இடப்பக்கம் புதிய முறையில் படிக்கும் சோதனைக் குழு, வலப்பக்கம் பழைய முறையிலேயே படிக்கும் கட்டுப்பாட்டுக் குழு; வரிசைக்கு ஓர் இணை; ஒவ்வோர் இணையிலும் இருவரின் முன்தேர்வு மதிப்பெண்ணும் ஒன்றே. ‘எனவே இரு குழுக்களும் சமம்’ என்று அடியில் எழுதியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் பென்சிலால் கோடு போட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த அட்டவணையும் அச்சு மாறாமல் இப்படித்தான் இருந்தது. அன்று எனக்கு யாரும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

யாருக்குப் புதிய முறை, யாருக்குப் பழைய முறை என்பதைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, ஒதுக்க முடியாத இடத்தில், ஏற்கெனவே அமைந்துள்ள வகுப்புகளையும் ஊர்களையும் ஒப்பிட்டுக் காரண விளைவை அறிய முயல்வதே அரைப் பரிசோதனை. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ‘குவாசி எக்ஸ்பெரிமென்டல்’ என்றே சொல்லிவிடுகிறோம். டொனால்ட் கேம்ப்பெல், ஜூலியன் ஸ்டான்லி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1963இல் இந்த வடிவமைப்புகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் முடிவு எங்கே பிழைக்கும் என்பதைப் பட்டியலிட்டனர். முன்தேர்வே வைக்காமல் விடுவது, தரவைப் பார்த்த பிறகு கருதுகோளை எழுதுவது போன்றவற்றை எந்த நெறியாளரும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

‘சோதனை முறை ஆய்வு’ என்று தலைப்பிடுதல்

சமவாய்ப்பு ஒதுக்கீடு செய்யவில்லை என்றால் அப்படி எழுதாதீர்கள்.

இரண்டு பள்ளிகளிலிருந்து சம மதிப்பெண் பெற்றவர்களை இணை சேர்த்தல்

நான் செய்த தவறு இது. இன்றும் இதை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனெனில் இது கவனக்குறைவால் வருவதில்லை, மிகுந்த கவனத்தோடு உழைப்பவர்களே இதில் விழுகிறார்கள்.

சிற்றூர் நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியர், பின்னங்களைக் காகிதக் கீற்றுகள் கொண்டு கற்பித்து வந்தார். பழைய நாட்காட்டித் தாள்களை ஒரே நீளத்தில் வெட்டி, இரண்டாக, மூன்றாக, எட்டாக மடித்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கட்டு கொடுத்திருந்தார். அந்த முறையின் பயனை அளப்பதே என் ஆய்வு. அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஒரே பிரிவுதான் என்பதால் கட்டுப்பாட்டுக் குழுவை நகரத்துப் பள்ளி ஒன்றில் தேடினேன். நகரத்து மாணவர்களின் முன்தேர்வுச் சராசரி மிக உயர்ந்திருந்தது. இதைச் சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு, இரு பள்ளிகளிலும் ஒரே மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பொறுக்கி இணை சேர்த்தேன். மூன்று மாதம் கழித்துப் பின்தேர்வு நடத்தியபோது கீற்றுகளோடு படித்த குழு பின்தங்கியிருந்தது. ‘இம்முறை வழக்கமான கற்பித்தலைவிடப் பயன் குறைந்தது’ என்று முடிவுரையில் எழுதி, ஒரு படியை அந்த ஆசிரியருக்கும் அனுப்பினேன். மறு ஆண்டு அங்கே சென்றபோது கீற்றுக் கட்டுகள் அனைத்தும் வகுப்பறை மூலையில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. “நீங்கள்தானே சார் அளந்து பார்த்துச் சொன்னீர்கள்” என்றார் அவர்.

என் முடிவு எப்படிப் பிழைத்தது என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். எளிமைக்காக எண்களை முழுமையாக்கிக்கொள்கிறேன். தேர்வுக்கு மொத்தம் 40 மதிப்பெண். சிற்றூர்ப் பள்ளியின் சராசரி 14, நகரப் பள்ளியின் சராசரி 26. தேர்வின் நம்பகத்தன்மைக் கெழு, அதாவது மதிப்பெண் வேறுபாட்டில் தற்செயல் போக நிலையான திறனின் பங்கு, 0.7; ஆசிரியர்கள் தயாரிக்கும் தேர்வுக்கு இது மோசமான அளவு அன்று. இப்போது இரு பள்ளியிலும் சரியாக 20 வாங்கியவர்களை எடுத்து இணை சேர்க்கிறோம்.

எந்த மதிப்பெண்ணிலும் மாணவரின் நிலையான திறனும் இருக்கிறது, அன்றைய தற்செயலும் இருக்கிறது: முந்தின நாள் பார்த்த கணக்கே வினாவாக வந்தது, காய்ச்சலோடு எழுதியது, ஊகித்த விடை சரியாக அமைந்தது. சராசரி 14 உள்ள வகுப்பில் 20 வாங்கியவரின் மதிப்பெண்ணில், மொத்தமாகப் பார்க்கும்போது, நல்வாய்ப்பின் பங்கு கூடுதலாக இருக்கும். சராசரி 26 உள்ள வகுப்பில் 20 வாங்கியவரோ அன்று சறுக்கியவராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தேர்வில் அந்தத் தற்செயல் அப்படியே திரும்ப வராது. ஆகவே சிற்றூர் மாணவரிடம் அடுத்த முறை எதிர்பார்க்க வேண்டிய மதிப்பெண் 14 + 0.7 × 6, அதாவது 18.2. நகர மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டியது 26 − 0.7 × 6, அதாவது 21.8. யாருக்கும் எதையும் புதிதாகக் கற்பிக்காமலே இரு குழுக்களுக்கும் இடையே 3.6 மதிப்பெண் இடைவெளி விழுந்துவிடுகிறது. காகிதக் கீற்றுகள் உண்மையிலேயே 2 மதிப்பெண் உயர்த்தியிருந்தாலும், அந்தக் குழு 20.2இல் நிற்கும், எதிர்க்குழு 21.8இல் இருக்கும். நல்ல முறை தீய முறையாகக் காட்சி தரும். மாறாக, புதிய முறையை நகரப் பள்ளியில் புகுத்தி, சிற்றூர்ப் பள்ளியைக் கட்டுப்பாட்டுக் குழுவாக்கியிருந்தால், ஒன்றுக்கும் உதவாத முறையும் வெற்றி பெற்றிருக்கும்.

இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறோம். 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரங்களை அளந்து இதைக் கண்டிருந்தார். ஆனாலும் இது பெரிய ஆய்வுகளையே சாய்த்திருக்கிறது. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் முன்பருவக் கல்வித் திட்டத்தை மதிப்பிட்ட 1969ஆம் ஆண்டு அறிக்கை, திட்டத்தால் நிலைத்த பயன் மிகக் குறைவு என்று சொன்னது. மறு ஆண்டே கேம்ப்பெல்லும் ஆல்பர்ட் எர்லபேக்கரும் அதை எதிர்த்து எழுதினார்கள். திட்டத்தில் சேர்ந்த குழந்தைகளும் சேராத குழந்தைகளும் அடிப்படையிலேயே வெவ்வேறு நிலையில் உள்ள கூட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை இணை சேர்த்து ஒப்பிட்டால் ஈடுசெய்யும் கல்வி எதுவும் தீங்கு செய்வதுபோலத் தோன்றக்கூடும் என்பதே அவர்கள் வாதம். அவர்கள் கட்டுரையை நான் படித்தது என் ஆய்வேடு அட்டை கட்டி நூலகத்துக்குப் போன பிறகு.

‘இணை சேர்க்கவில்லை, அன்கோவா போட்டிருக்கிறேன்’ என்று சிலர் சொல்கிறார்கள். முன்தேர்வு வேறுபாட்டைப் புள்ளியியல் கணக்கால் சரிசெய்யும் முறை அது. பிழையோடு அளக்கப்பட்ட முன்தேர்வைக் கொண்டு சரிசெய்தால், இடைவெளியின் ஒரு பகுதிதான் சரியாகும். மீதி முழுவதும் கற்பித்தல் முறையின் கணக்கில் ஏறிவிடும். நோய் அதேதான்.

செய்யத்தக்கவை உள்ளன. பொறுக்குவதற்கு ஒரு தேர்வையும், தொடக்க நிலையை அளக்க வேறொரு தேர்வையும் பயன்படுத்துங்கள். இணை சேர்த்த பிறகு, புதிய முறையைத் தொடங்கும் முன், இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது முன்தேர்வு ஒன்றை நடத்துங்கள். இணைகள் பிரிந்து நகர்வது அப்போதே கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் மேலாக, சராசரி இவ்வளவு விலகியுள்ள இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டிய கட்டாயம் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். என் ஆய்வில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பக்கத்து ஊரில் அதே நிலையில் இன்னொரு நடுநிலைப்பள்ளி இருந்தது. பேருந்து வசதி குறைவு என்பதால் அங்கே நான் போகவில்லை.

மிக மோசமான ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குதல்

மேலே சொன்னதன் உடன்பிறப்பு இது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1955இல் சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தனர். ஆளுநர் ஆபிரகாம் ரிபிகாஃப், மிகை வேகத்தில் வண்டி ஓட்டுவோரின் உரிமத்தை நிறுத்திவைக்கும் கடும் நடவடிக்கையை அவ்வாண்டு இறுதியில் அறிவித்தார். 1956இல் இறப்பு 284 ஆகக் குறைந்தது. 40 உயிர்கள் காக்கப்பட்டன என்று கொண்டாடினார்கள். 1968இல் கேம்ப்பெல்லும் லாரன்ஸ் ராஸும் இந்த இரண்டு எண்களுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளைச் சேர்த்து வரைபடமாக்கி, நியூயார்க், நியூ ஜெர்சி, ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் ஆகிய அண்டை மாநிலங்களின் எண்களையும் அருகில் வைத்துப் பார்த்தார்கள். 1955 வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த ஆண்டு. அந்த உயர்வுதான் நடவடிக்கையையே தூண்டியது. உச்சத்துக்கு அடுத்த ஆண்டு, யார் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இறக்கமாகத்தான் இருக்கும். 40 என்ற எண்ணில் நடவடிக்கையின் பங்கு எவ்வளவு, இயல்பான இறக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதை இரண்டே ஆண்டுகளின் எண்கள் சொல்லமாட்டா.

தேர்ச்சி விழுக்காடு சரிந்த பள்ளியில் சிறப்பு வகுப்பு நடத்தி, மறு ஆண்டு உயர்வைக் காட்டும் ஆய்வேடுகள் அத்தனையும் இந்த வகைதான். குறைந்தது ஐந்தாறு ஆண்டுகளின் எண்களைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிப் பதிவேட்டில் அவை இருக்கின்றன.

முன்தேர்வில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்றதும் நிம்மதி அடைதல்

குழுக்கள் சிறியவை என்றால், இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயல்தானா என்று பார்க்கும் டி-சோதனை பெரிய வேறுபாட்டையும் கண்டுபிடிக்காமல் விடலாம். வேறுபாட்டின் அளவை எழுதுங்கள்.

இரண்டு புள்ளிகளைக் கொண்டு போக்கைக் கூறுதல்

முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்து, ஒரு குழுவின் மாற்றத்திலிருந்து மற்றக் குழுவின் மாற்றத்தைக் கழிப்பது இப்போது பரவலாகிவிட்டது. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு டேவிட் கார்ட், ஆலன் குரூகர் ஆகியோரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு. நியூ ஜெர்சியில் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் உயரவில்லை. இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை முன்னும் பின்னும் விசாரித்த அவர்கள், கூலி உயர்வால் வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்றில்லை என்றார்கள். கார்டுக்கு 2021இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கூலி உயராமலே இருந்திருந்தால் இரு மாநிலங்களும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்பது அந்தக் கழித்தலின் அடியில் உள்ள அனுமானம். இரண்டு முறை அளந்ததைக் கொண்டு அதைச் சோதிக்க வழியில்லை. விவாதம் எழுந்தபோது அவர்களே நீண்டகால அரசுத் தரவோடு 2000இல் மீண்டும் எழுதினார்கள். நம் ஆய்வேடுகளில் இந்த அனுமானம் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

வகுப்பை மறந்து மாணவரை எண்ணுதல்

ஒரு வகுப்புக்குப் புதிய முறை, ஒரு வகுப்புக்குப் பழைய முறை என்றால், ஒப்பிடப்படுபவை இரண்டே. அதில் எண்பது மாணவர்கள் இருந்தாலும் ஆசிரியர்கள் இருவர்தாம்.

எல்லைக்கோடு இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுதல்

பின்தங்கிய மாணவர்களுக்கே உதவ வேண்டும், அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று பல மாணவர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான மனம்; அதற்கு இடம் தரும் வடிவமைப்பும் உண்டு. 15க்குக் கீழே வாங்கிய அனைவருக்கும் சிறப்பு வகுப்பு, 15உம் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு இல்லை என்று முன்கூட்டியே அறிவித்து, அதிலிருந்து நழுவாமல் நடத்துங்கள். பிறகு 13, 14 வாங்கியவர்களையும் 15, 16 வாங்கியவர்களையும் அருகருகே வைத்து, கோட்டின் இடத்தில் பின்தேர்வு மதிப்பெண் துள்ளுகிறதா என்று பாருங்கள். டொனால்ட் திசில்துவெயிட், கேம்ப்பெல் இருவரும் 1960இல், அமெரிக்காவின் தேசியத் தகுதி உதவித்தொகைத் தேர்வில் தகுதிச் சான்றிதழ் பெற்ற மாணவர்களையும் பாராட்டுக் கடிதம் மட்டும் பெற்ற மாணவர்களையும் வைத்து இதைத்தான் செய்து காட்டினார்கள். கோட்டுக்கு அருகில் நிற்பவர்கள் போதுமான எண்ணிக்கையில் வேண்டும் என்பதால் ஒரே வகுப்பு போதாது. மதிப்பெண் போடும் ஆசிரியருக்குக் கோடு எங்கே என்று தெரியவும் கூடாது. தெரிந்தால் 14 சில இடங்களில் 15 ஆகும், சில இடங்களில் 15 என்பது 14 ஆகும், ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும்.

அட்டவணை காட்டிய மாணவியிடம், இணை சேர்த்த பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை வாங்கி வரச் சொன்னேன். இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே பொது வினாத்தாள். அவர் முன்தேர்வு வைத்தது அதற்குப் பிறகு. சராசரியை நோக்கிய திரும்புதல் காலத்தில் பின்னோக்கியும் நிகழும் என்பதால், பழைய தேர்வும் இந்தச் சோதனைக்கு உதவும். திருத்தியவர்கள் வெவ்வேறு ஆசிரியர்கள் என்ற குறை இதில் உண்டு. அதையும் எழுதச் சொன்னேன். பத்து நாள் கழித்து, பதிவேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். முன்தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய இணைகளில், பெரும்பாலானவற்றில் நகரத்துப் பிள்ளை காலாண்டில் மேலே இருந்தது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அதே ஒன்றியத்தில் உள்ள இன்னொரு சிற்றூர்ப் பள்ளியில் முன்தேர்வு நடத்த அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்.