தொடக்கக் கால ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதும் முறை

விளையாட்டு வீரரின் வரலாற்றை எழுதும் மாணவர்கள் பட்டங்களையும் கோப்பைகளையும் அடுக்குவதோடு நிறுத்திவிடுவதால், அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார், யாருக்காகப் பார்த்தார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எழுதத் தொடங்கும் முன் தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுப்பூசலில் (ஆநிரை கவரும் சண்டையில்) இறந்தான் என்பதையெல்லாம் அக்கல்வெட்டுகள் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகின்றன. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர் சைக்ளோன் டெய்லரைப் பற்றி எழுதும்போதும் காலம், பணியமர்த்தியவர், செயல் ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆட்டத்தை விளக்குங்கள். பனிக்கட்டித் தரையில் சறுக்கியபடி ஆடும் இந்த ஆட்டம், நம் பள்ளி மைதானங்களில் ஹாக்கி ஆடியவர்களுக்கும் புதியது. அக்காலத்தில் அணிக்கு 7 பேர். ஏழாமவரான ரோவருக்கு நிலையான இடம் கிடையாது. பந்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்டை (puck) முன்னால் நிற்பவருக்குத் தள்ளிக்கொடுக்கக் கிழக்குக் கனடாவில் அப்போது தடை இருந்ததால், அதைத் தாமே கொண்டு விரைந்து சறுக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. டெய்லரின் வேகத்துக்கு ஏன் அத்தனை விலை என்பது இந்த விதியைச் சொன்னால்தான் விளங்கும்.

சம்பளத்தை எழுதும்போது, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1909இல் ஒட்டாவா அணியில், ஐஸ் ஹாக்கியின் புகழ்பெற்ற பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்ற டெய்லரை, ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் 12 ஆட்டங்கள் கொண்ட ஒரே பருவத்துக்கு 5,250 டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. அணியின் பின்னால் இருந்தது ஓப்ரையன் குடும்பத்தின் வெள்ளிச் சுரங்கப் பணம். பின்னோக்கிச் சறுக்கிக் கோல் போட்டார் என்ற புகழ்பெற்ற கதை பலவிதமாக வழங்குவதால், அதைச் செவிவழிச் செய்தியாகவே எழுதுங்கள்.

பலரும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. இந்திய வாசகருக்கு அதை மறைப்பது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. டெய்லர் குடியேற்றத் துறை அதிகாரியாகவும் பணிபுரிந்தார். 1914 மே மாதம், பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பயணிகளுடன் கோமகாட்டா மாரு கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தபோது, அவர்களைத் தடுத்து நிறுத்தும் பணியில் இருந்த அதிகாரிகளில் அவரும் ஒருவர். இரண்டு மாதங்களுக்குப் பின் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்களில் பலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கேட்டது 2016இல்தான்.

இச்செய்தியைக் கட்டுரையின் கடைசியில் பின்குறிப்பாக ஒதுக்காதீர்கள். வான்கூவர் அணியில் சேர்ந்த 1912க்கும், அந்த அணியுடன் ஸ்டான்லி கோப்பையை வென்ற 1915க்கும் இடையே, ஆண்டு வரிசையில் அதற்குரிய இடத்திலேயே வையுங்கள்.