“இந்தப் புத்தகம் என் பிள்ளைக்கு வேண்டாம்”: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் படிக்கக் கொடுத்த நாவலைப் பற்றி ஒரு பெற்றோர் ஆட்சேபம் தெரிவித்தால், சில ஆசிரியர்கள் உடனே இலக்கிய விவாதத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், வம்பு எதற்கு என்று புத்தகத்தைத் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டிலும் இருப்பது ஒரே அவசரம்தான். வந்தவர் பேசி முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

“புத்தகத்தை முழுதாகப் படித்தீர்களா?” என்று மடக்குவது வழக்கமான தவறு. அந்தக் கேள்வியில் குற்றமில்லை. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் தயாரித்த புகார்ப் படிவத்திலேயே அது இருந்தது. கெடுப்பது கேட்கும் தொனி. கைபேசியில் வந்த ஒரு பக்கத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் வந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கம் புத்தகத்தில் உண்மையிலேயே இருக்கிறதே! “எந்த இடம் உங்களை உறுத்தியது? பிள்ளை அதைப் பற்றி வீட்டில் என்ன சொன்னான்?” என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருக்கும். நாவலிலும் ஒரு சாவு வரும். பையன் இரவில் தூங்கியிருக்க மாட்டான். அந்தத் தாயிடம் நாவலின் உத்தியைப் பற்றிப் பேசி என்ன பயன்? சந்திப்புக்கு முன் ஆசிரியரும் அந்தப் பக்கங்களை மறுபடி படித்துவிட வேண்டும். கல்லூரியில் படித்த நினைவை நம்பி உட்காருவது ஆபத்து.

கோபமான மின்னஞ்சலுக்கு அன்றிரவே நீண்ட பதில் அனுப்பாதீர்கள். “கடிதம் கிடைத்தது, நேரில் பேசுவோம்” என்ற ஒரு வரி போதும்.

அதிகம் சேதம் விளைவிப்பது மாற்றுப் புத்தகம் தரும் விதம். பெற்றோர் கேட்டார், ஆசிரியர் சம்மதித்தார், பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அந்த மாணவி மட்டும் ஒரு மெல்லிய புத்தகத்தோடு நூலகத்துக்கு அனுப்பப்படுகிறாள். வகுப்பு விவாதம் அவளுக்கு இல்லை. ஏன் என்று மற்றப் பிள்ளைகள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஆட்சேபித்தவர் பெற்றோர், தண்டனை பிள்ளைக்கு. மாற்றுப் புத்தகம் அதே தரத்திலும், ஏறக்குறைய அதே கனத்திலும், அதே பாட நோக்கத்துக்குப் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும். மதிப்பெண்ணும் வீட்டுப்பாடமும் குறையவோ கூடவோ கூடாது. இருவர் மூவர் கொண்ட சிறு குழுக்களாக வெவ்வேறு நாவல்களைப் படிக்கும்படி வகுப்பையே அமைத்துவிட்டால், யார் எதற்காக மாற்றிக்கொண்டார்கள் என்பது வெளியே தெரியாது. எந்த வீட்டிலிருந்து ஆட்சேபம் வந்தது என்பதை வகுப்பில் ஜாடையாகக்கூடச் சொல்லக் கூடாது. அதை விளையாட்டுப் பேச்சாகச் சொல்லும் ஆசிரியர்கள்மேல் எனக்குக் கொஞ்சமும் பரிவு இல்லை.

தன் பிள்ளைக்கு வேறு புத்தகம் கேட்பதும், யாருமே இதைப் படிக்கக் கூடாது என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பெருந்தவறு. முதலாவதை ஆசிரியரும் பெற்றோரும் பேசியே முடித்துவிடலாம். இரண்டாவது மற்ற எல்லாக் குடும்பங்களையும் தொடுவதால் எழுத்து மூலம் வர வேண்டும்; ஒரு குழுவின் முன் போக வேண்டும்; முடிவு வரும்வரை புத்தகம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். தலைமையாசிரியர் தொலைபேசியில் “இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்” என்று சொல்லிவிட்டால், விசாரணைக்கு முன்பே முடிவு வந்துவிட்டது என்றுதான் பொருள்.

குழு அமைத்த பிறகும் தவறு நேரலாம். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம், 1975-இல் ஒரு மாநாட்டில் கிடைத்த பட்டியலைக் கொண்டு பள்ளி நூலகத்தில் இருந்த சில புத்தகங்களை ஆட்சேபகரமானவை என்று முடிவு கட்டி அகற்றச் சொன்னது. பெற்றோரும் ஆசிரியர்களும் அடங்கிய குழுவை வாரியமே அமைத்தது; சிலவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று குழு சொன்னபோது, அந்தப் பரிந்துரையைப் பெரும்பாலும் ஒதுக்கியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். புத்தகத்தில் உள்ள கருத்துகள் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து அதை அகற்ற முடியாது என்று 1982-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒரு பிரிவினர் எழுதினார்கள். அது நூலகத்தைப் பற்றிய வழக்கு. பாடத்திட்டத்தில் பள்ளிக்கு அதைவிட அதிக அதிகாரம் உண்டு. ஆனாலும் தானே அமைத்த குழுவைத் தானே மதிக்காத நிர்வாகம் நீதிமன்றத்தில் எந்த முகத்தோடு நிற்கும்?

புகார் வந்த பிறகு காரணம் தேடத் தொடங்குவதும் தவறு. ஏன் இந்தப் புத்தகம், எந்த வயதுக்கு, சங்கடமான பகுதிகள் எவை, அவற்றை வகுப்பில் எப்படிக் கையாளப்போகிறோம் என்று பாடம் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிடலாம். நூல் பட்டியலையும் ஆண்டின் தொடக்கத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சங்கடமான பகுதியை மறைத்து எழுதினால் அந்தத் தாளே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள், மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்றால் அதையும் சேர்த்து. வகுப்பாசிரியருக்கு அந்தச் செய்தி மாணவர்கள் வாயிலாகப் போய்ச் சேரக் கூடாது.