லேப்டாப்பே பக்கவாத்தியம்: கீபோர்டு வாசிப்பவர்களுக்கு முதல் பாடம்

இடது கையில் ஏ மைனர் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் ஏ மைனருக்கு மாறி வாசிக்க வேண்டும். அரேஞ்சர் கீபோர்டு செய்கிற வேலை இதுதான். அதையே லேப்டாப்பில் செய்யும் மென்பொருள்கள் கிக்லாட், ஒன் மேன் பேண்ட், வி-அரேஞ்சர். மூன்றும் யமஹாவின் ஸ்டைல் ஃபைல்களை, அதாவது தாளமும் பக்கவாத்தியமும் எழுதி வைத்த ஃபைல்களை, படிக்கும். கையில் இருக்கும் கீபோர்டில் யுஎஸ்பி மிடி (எந்தக் கட்டையை அமுக்கினோம் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் இணைப்பு) இருந்தால் போதும், புதிதாக வாங்க வேண்டாம்.

1. இணைப்பு. யுஎஸ்பி கேபிளைச் செருகி, மென்பொருளின் மிடி இன்புட்டில் உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கீபோர்டில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் கீபோர்டு ஒரு சத்தம், லேப்டாப் ஒரு சத்தம் என்று எல்லாம் இரட்டையாகக் கேட்கும். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் கீபோர்டின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள்.

2. தாமதம். பலர் பாதியில் கைவிடுவது இங்கேதான். கட்டையை அமுக்கி, சத்தம் சற்றுப் பின்னால் வந்தால் வாசிக்கவே முடியாது. விண்டோஸில் ஏசியோ டிரைவர், அதாவது தாமதத்தைக் குறைத்து ஒலியை அனுப்பும் மென்பொருள், கட்டாயம். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் போட்டுக்கொள்ளலாம். ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் அளவுதான் பஃபர்; அதை 256 சாம்பிளில் வைத்துத் தொடங்குங்கள். 44,100 சாம்பிள் ரேட்டில் அது சுமார் 6 மில்லிசெகண்ட். கரகரவென்று வெடித்தால் 512-க்கு ஏற்றுங்கள். சோதிக்க எளிய வழி: ஒரே கட்டையை வேகமாகத் தட்டுங்கள். பிளாஸ்டிக்கின் ‘டொக்’ தனியாகவும் ஸ்வரம் தனியாகவும் காதில் விழுந்தால் இன்னும் சரியாகவில்லை.

3. ஸ்ப்ளிட். எந்தக் கட்டை வரை கார்டு (ஏ மைனர் போலச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்வரங்கள்), எங்கிருந்து மெலடி என்று குறிக்க வேண்டும். 54-ஆம் மிடி எண்ணில், அதாவது எஃப் ஷார்ப்பில் வைப்பது வழக்கம். கார்டு முழுசாகப் பிடிக்க வராதவர்கள் ஒற்றை விரல் முறையில் தொடங்கலாம். யமஹா வழக்கப்படி சி மட்டும் அமுக்கினால் சி மேஜர், அதன் இடப்பக்கக் கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் சி மைனர், இடப்பக்க வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் சி செவன்த்.

4. ஸ்டைல் ஏற்றுவது. எஸ்டிஒய் என்று முடியும் ஃபைலைத் திறந்தால் இன்ட்ரோ, மெயின் ஏ முதல் டி வரை, ஃபில் (பகுதி மாறும்போது வரும் சின்ன டிரம்ஸ் உருட்டல்), எண்டிங் எல்லாம் பட்டன்களாக வரும். புது மாடல் கீபோர்டுக்கு எழுதின ஸ்டைலை லேப்டாப்பின் சாதாரண சவுண்ட்ஃபான்ட்டில் (வாத்திய ஒலிகள் அடங்கிய ஃபைலில்) ஓட்டினால் கிடாருக்கு நடுவே பல்லி கத்துவதுபோல உச்சத்தில் ‘கிணுக், கிணுக்’ என்று ஏதாவது வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. யமஹாவின் மெகா வாய்ஸ் என்ற சிறப்பு வாத்திய ஒலியில் உச்ச ஸ்வரங்களில் ஸ்வரமே கிடையாது, கம்பியில் விரல் உரசும் சத்தம்தான் இருக்கும். உங்கள் சவுண்ட்ஃபான்ட்டுக்கு அது தெரியாததால் நிஜ ஸ்வரமாகவே வாசித்துவிடுகிறது. அந்தச் சேனலை மியூட் செய்யுங்கள், அல்லது பழைய மாடலின் ஸ்டைலைத் தேடுங்கள். நம் குத்துப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் 6/8 தாளம் வேண்டும்; இந்தியாவுக்கென்று வந்த பிஎஸ்ஆர்-ஐ வரிசைக்கான ஸ்டைல்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

5. ஒரு பாட்டு. பல்லவிக்கு மெயின் ஏ, சரணத்துக்கு மெயின் பி, நடுவே ஒரு ஃபில். இரண்டு கையும் வேலையில் இருக்குமே, ஃபில்லை யார் அமுக்குவது? கால் பெடலுக்கு ஒதுக்கிவிடுங்கள். இன்ட்ரோ பட்டனை நான் தொடுவதே இல்லை. முன்னிசை நம் ஜனங்களுக்கு மனப்பாடம். அதை வலது கையில் வாசித்தால்தான் கைதட்டு. பாடகர் “நாலரைக் கட்டை” என்றால் எஃப் ஷார்ப். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை மென்பொருளில் மட்டும் மாற்றுங்கள். கீபோர்டிலும் மாற்றினால் சுருதி இரண்டு முறை ஏறிவிடும்.

6. மேடைக்கு முன். வைஃபை ஆஃப், நோட்டிஃபிகேஷன் ஆஃப், ஸ்லீப் ஆஃப். ஒரு கோயில் திருவிழாவில் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரெல்லாம் ‘ஙொய்ங்’ என்று இரைந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, செருகினால் மறுபடி வந்தது. இருந்த பேட்டரியில் எட்டுப் பாட்டு ஓட்டிவிட்டு, கடைசி இரண்டைத் தபேலா துணையோடு முடித்தோம். அன்றிலிருந்து எர்த் வழியாக வரும் இந்த இரைச்சலைத் துண்டிக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ உள்ள டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே போடும் சின்னப் பெட்டி) ஒன்று எப்போதும் பையில் கிடக்கிறது.