கோழிக் கொட்டகைச் சுத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டகையை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்று கேட்பவர்கள் ஒரே ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. தண்ணீர்த் தட்டுக்கு ஒரு கணக்கு, எச்சத்துக்கு ஒரு கணக்கு, தரையில் பரப்பிய கூளத்துக்கு வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைப்பதுதான் முதல் தவறு.

தட்டைத் தினமும் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இரவு எச்சம் கோழி அடையும் கழிக்கு நேர் கீழே குவியும். அங்கே பழைய சாக்கு ஒன்றை விரித்துவைத்து, காலையில் சுருட்டி எடுத்து உதறிவிடுங்கள். பத்துக் கோழிக்கு இது இரண்டு நிமிட வேலை. இதை மட்டும் தவறாமல் செய்தாலே கூளம் பல வாரம் கூடுதலாகத் தாங்கும்.

அடிக்கடி தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பலரும் சுத்தம் என்று நினைக்கிறார்கள். எங்கள் பார்வையில் அழுக்கை விட ஈரம்தான் ஆபத்து. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியே வந்து, சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது மசியாது. உலர்ந்த தரைதான் அதை அடக்கும்.

உமியோ தேங்காய் நார்க்கழிவோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கட்டியாக நின்றால் அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதுக் கூளம் போடுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் முதலில் நனையும், அதனால் தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் ஏற்றிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் பார்க்க வேண்டும்.

நின்றபடி மோந்து பார்த்து வாடை இல்லை என்று போய்விடக் கூடாது. கோழி மூச்சு விடுவது தரையை ஒட்டி. குனிந்து அந்த உயரத்தில் மோந்து பாருங்கள். கண் எரிந்தால் ஏற்கெனவே தாமதம். அப்போது ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பைத் தூவுவது இன்னொரு தவறு. காரத்தன்மை ஏறி, எச்சத்திலிருந்து வரும் நெடி வாயுவான அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். முதலில் ஈரத்தை அள்ளுங்கள்.

முழுக் கூளத்தையும் மாற்றும்போது எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். எச்சம் அதன் வீரியத்தைக் குடித்துவிடும், அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயுவும் வரும். சுரண்டி, பெருக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகே 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கலந்து தெளிக்க வேண்டும். 10 நிமிடம் கழித்து அலசி, தரை முழுதாகக் காய்ந்த பின்தான் கோழியை விட வேண்டும். அள்ளிய கூளத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகும், குழியில் மக்கவிடுங்கள்.

கடைசியாக, செல் எனப்படும், கோழியின் ரத்தம் குடிக்கும் சிறு உண்ணி. பகலில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சிவப்புச் செல் பகலில் கழியின் இடுக்கில் ஒளிந்து, இரவில்தான் ரத்தம் குடிக்கும். இருட்டியதும் டார்ச் அடித்து, வெள்ளைத் துணியால் கழியின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். ரத்தக் கறை படிந்தால் செல் உண்டு. கோழிகளை வெளியேற்றிய பின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் ஏழாம் நாள் மறுபடி செய்ய வேண்டும். அடைக்கோழி 21 நாள் ஒரே இடத்தில் உட்காரும், செல் கடி தாங்காவிட்டால் முட்டையை விட்டு எழுந்துவிடும். அதனால் இந்த இரண்டு சுற்றையும் முடித்து, புது வைக்கோல் போட்ட பிறகே அடை வையுங்கள்.