தளர்வை அளக்குமுன் ரப்பரின் முன்கதையைக் கேளுங்கள்

சைக்கிள் கேரியரில் சுமை கட்ட டியூபை வெட்டிப் பட்டையாக வைத்திருப்பார்கள். புதிதாக வெட்டிய பட்டையை முதல் தடவை நன்றாக இழுக்கும்போது கை கொஞ்சம் திணறும். அடுத்த தடவை அதே நீளத்துக்கு அவ்வளவு பலம் தேவைப்படாது. கார்பன் பிளாக், சிலிக்கா போன்ற நிரப்பி (வலுவுக்காகக் கலக்கும் நுண்துகள்) சேர்த்த ரப்பரின் இந்தக் குணத்துக்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர். லெனார்ட் முல்லின்ஸ் என்ற ஆய்வாளர் 1940-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். புவாஸ், கரியேர் என்ற ஆய்வாளர்கள் 1903-லேயே இதைக் கவனித்திருக்கிறார்கள்.

இதே ரப்பரை ஒரு நீளத்துக்கு இழுத்து அப்படியே பிடித்து வைத்தால், நீளம் மாறாமலே விசை மெல்லக் குறையும். இதுதான் தகைவுத் தளர்வு. இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் பிடி நாளடைவில் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அளப்பது சுலபம்தான். ஆனால் சாம்பிள் அதற்கு முன் என்ன பட்டது என்று கேட்காமல் அளந்தால் எண்ணை நம்ப முடியாது.

அடிக்கடி நடக்கும் தவறு, புது சாம்பிளையும் ஏற்கெனவே இழுபட்டதையும் ஒரே அட்டவணையில் போடுவது. புது ரப்பரைப் பிடித்து வைத்திருக்கும்போது வழக்கமான தளர்வோடு, நிரப்பித் துகள்களை ஒட்டிய ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகள் விடுபடுவதும் துகள் கொத்துகள் கலைவதும் தொடர்கின்றன. முன்பே அதைவிட அதிகமாக இழுபட்ட சாம்பிளில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். விசை குறைவாகவே இறங்கும். இதைப் பார்த்துவிட்டு 'இந்தக் கலவை நல்ல கலவை' என்று எழுதிவிடுகிறார்கள். கலவை இரண்டும் ஒன்றுதான், முன்கதைதான் வேறு.

சரி, எல்லாவற்றையும் முதலில் சில தடவை இழுத்துப் பழக்கிவிடலாமே? பழக்கலாம், ஆனால் எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும். தொடக்க நீளத்தைவிட 50 சதவீதம் கூடுதலாக இழுத்துப் பழக்கி, 100 சதவீத நீட்சியில் சோதித்தால் பயன் இல்லை. பழைய உச்சத்தைத் தாண்டியதும் அது கிட்டத்தட்டப் புது ரப்பரின் வளைகோட்டுக்கே திரும்பிவிடும். இழுக்கும் திசையும் முக்கியம், ஏனென்றால் மென்மை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வருவதில்லை. அதோடு, பழக்குவது எப்போதும் சரியும் அல்ல. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் நாள் முழுக்க அதிர்கிறது, அதற்குப் பழக்கிய சாம்பிள் பொருந்தும். ஒரே தடவை அமுக்கி வைத்து அப்படியே விடும் சீலுக்குப் புது சாம்பிளின் எண்தான் உண்மைக்கு நெருக்கம் என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்த குழப்பம் ஒன்று உண்டு. 100 சதவீதம் இழுத்துவிட்டு, 50-க்கு இறக்கி அங்கே நிறுத்துங்கள். விசை குறைவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கும்! விசையை அளக்கும் லோடு செல் பழுதோ என்று கை அதைத்தான் தேடும். பழுது எதுவும் இல்லை. பெரிய நீட்சியிலிருந்து இறங்கி வந்த ரப்பர் இன்னும் மீண்டுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாம்பிளைப் பொருத்தும்போது தவறுதலாகக் கூடுதலாக இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் கொண்டுவந்தாலும் இந்தக் கதைதான். அந்த சாம்பிளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டுவது நல்லது.

அப்புறம் நேரம். தளர்வு ஏறத்தாழ நேரத்தின் மடக்கையைப் பொறுத்தது: முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே பத்திலிருந்து நூறு வரை குறையும். அதனால் தொடக்க விசையை எப்போது எடுத்தீர்கள் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே இல்லை. அமுக்கச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3384 என்ற சர்வதேசத் தர முறையில் அமுக்கி 30 நிமிடம் கழித்துத்தான் முதல் அளவு.

ராத்திரி முழுக்க ஓய்வு கொடுத்தால் பழையபடி ஆகிவிடும் என்றும் நம்பாதீர்கள். அறை வெப்பத்தில் மீட்சி மிக மெதுவானது, அதுவும் ஓரளவுதான். அடுப்பில் சூடாக்கினால் வேகமாக மீளும்; ஆனால் சூடு கூடினால் ஆக்சிஜன் ரப்பரின் சங்கிலிகளை வெட்டும், சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகளும் மாறும், நீங்கள் அளப்பது வேறொரு ரப்பராகிவிடும்.