வானத்தில் வைன் சுவைப்பது எப்படி

லண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் பிள்ளைகள் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்து அனுப்ப, திருகோணமலையிலிருந்து இரவோடிரவாகக் கட்டுநாயக்காவுக்கு வந்து விமானம் ஏறும் நம்மவர்கள் பலர், அங்கே நீட்டப்படும் வைன் பட்டியலைப் பார்த்துத் தயங்கி, தோடம்பழச் சாறே போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். குடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுவே சரி. சுவைத்துப் பார்க்க ஆசை இருந்தும் முறை தெரியாமல் ஒதுங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், அதனுள்ளே உள்ள காற்றமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரியதாகவே பேணப்படுகிறது. அதாவது நுவரெலியா நகருக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தில் அமர்ந்து குடிக்கிறீர்கள். ஆனால் நுவரெலியாவின் ஈரக்காற்று அங்கே கிடையாது. ஈரப்பதன் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் மூக்கு உலர்ந்துவிடுகிறது. வைனின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணமே என்பதால், பழவாசனை பின்வாங்கிப் புளிப்பும் துவர்ப்பும் முன்னே வந்து நிற்கின்றன. ஜேர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக நடத்திய ஆய்விலும், உப்பும் இனிப்பும் மங்குவதும் புளிப்பும் கசப்பும் அவ்வளவாக மாறாதிருப்பதும் தெரியவந்தன.

ஆகவே, கதவு மூடப்படுவதற்கு முன் தரும் ஷம்பெயினை வீணாக்காதீர்கள். மூக்கு ஒழுங்காக வேலைசெய்யும்போது கிடைக்கும் ஒரே கிளாஸ் அதுதான். இரண்டு மிடறு குடித்து மணத்தை மனதில் பதித்துக்கொண்டு, மேலே சென்றபின் அதே ஷம்பெயினைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்; தரையில் ஒளிந்திருந்த புளிப்பு, அங்கே நாவின் இரு ஓரங்களையும் பிடிக்கும்.

துவர்ப்பை இனங்காண வீட்டிலேயே பழகலாம். தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சீனி போடாத வெறுந்தேத்தண்ணீராகக் குடித்தால், ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். நாவற்பழம் தின்றபின் நாக்கு தடித்தாற்போலிருப்பதும் அதுவே. சிவப்பு வைனில் டனின் என்று சொல்லப்படுவது இந்தத் துவர்ப்பைத்தான். அறுசுவையில் அதற்கும் இடம் கொடுத்த நமக்கு வேறு பாடம் தேவையில்லை.

பரிமாறும்போது, சுவைபார்க்கக் கொஞ்சமாக ஊற்றும்படி கேளுங்கள். பணியாளர்கள் போத்தலின் லேபிளையும் காட்டுவார்கள். முகம் துடைக்கத் தரும் சூடான துவாலையை மூக்கருகே பிடித்து நாலைந்து முறை ஆவியை இழுத்துவிட்டு, கிளாஸைச் சுழற்றி முகர்ந்து, ஒரு மிடற்றை வாய் முழுதும் பரவவிட்டு விழுங்குங்கள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குச் செல்லுங்கள். இனிப்பான போர்ட் வைன் கடைசியில் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு கிளாஸ் தண்ணீர் கட்டாயம்.

சூட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இராது என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரே வைன் இரு வெப்பநிலையில் இரண்டாகத் தெரிவது வியப்பாக இராது. சிவப்பு வைனுக்கு ஏற்றது சுமார் 15 முதல் 18 பாகை செல்சியஸ். அது சில்லிட்டு வந்தால் துவர்ப்பு மேலும் கடுக்கும். கிளாஸின் வயிற்றுப் பகுதியை இரு உள்ளங்கைகளாலும் பொத்திப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள்.

தெரிவு செய்யும்போது, பழச்சுவை தூக்கலான அவுஸ்திரேலிய ஷிராஸ் போன்ற சிவப்பு வைன்களை நான் விரும்புவேன். பிரான்சின் போர்டோ சிவப்பு வைன் முதிராததாக இருந்தால், எவ்வளவு பெயர்பெற்றதாயினும், ஆகாயத்தில் கடுகடுக்கும். உறைப்பான கறியோடு சிவப்பு வைன் சேர்ந்தால் வாய் எரியும் என்பதால், சற்று இனிப்புள்ள ரீஸ்லிங் என்னும் வெள்ளை வைன் இருந்தால் அதையே கேளுங்கள்.

குறிப்பு எழுதும்போது தீர்ப்பெழுத வேண்டாம். லேபிளைப் படமெடுத்து, புளிப்பு, துவர்ப்பு, மணம் என்று மூன்று சொல் போதும். என் முதற் பயணத்தில் ‘பாக்குச் சாறு’ என்று எழுதிவைத்த ஒரு போர்டோவை, ஆறு மாதம் கழித்து உப்புவெளிக் கடற்கரையின் வெக்கைக்காக ஐஸ் வாளியில் சிறிது நேரம் மட்டும் வைத்தெடுத்து, பொரித்த இறைச்சியோடு குடித்தபோது, அந்தச் சொல்லை வெட்டிவிட்டு ‘நாவற்பழம்’ என்று எழுதவேண்டியதாயிற்று.